ஓரத்தில் தெரிந்த பட்டை

இரும்பு முகம் காட்டுகிற அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் நான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், உலோகங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சின்ன லேபில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். பட்டறைக்காரர்கள் இரும்புத் துண்டைக் கொண்டு வருவார்கள். அதை வெட்டி, உள்ளங்கைக்குள் அடங்குகிற பேக்லைட் வில்லையில் பதித்து, நான்கு தரம் எமரித்தாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்து, வெல்வெட் துணியில் மெருகேற்றுவேன். அந்த நிலையில் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளைதான். ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு முக்கி எடுத்துக் கழுவிவிட்டுப் பார்த்தால், அதுவரை ஒரே கட்டியாக இருந்த இரும்பு மணி மணியாகப் பிரிந்து, ஒவ்வொரு மணியும் தனக்கென்று எல்லைக்கோடு போட்டுக்கொண்டு தெரியும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேனோ, இன்னும் அலுக்கவில்லை.

அலுக்காத வேலை, வண்ணாரப்பேட்டையில் ஒழுகாத வீடு, ஏறினால் உட்கார இடம் கிடைக்கிற மெட்ரோ. ஐம்பது வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைக்கிறவள் நான். என்னிடம் குறை என்று பார்த்தால் இரண்டு. ஒன்று, கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, எதையும் தூக்கி எறிய மனம் வராது. எங்களுடையது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பாத்திரக்கடை வைத்த குடும்பம். பாத்திரம் சுற்றி வந்த செய்தித்தாளை நீவி மடித்து வைத்து, அதிலேயே அடுத்த பாத்திரத்தைச் சுற்றிக் கொடுப்போம். அந்தப் பழக்கம் என்னோடு லேபுக்கும் வந்துவிட்டது. மற்றவர்கள் ஒரு எமரித்தாளில் மூன்று துண்டு தேய்த்தால் நான் பத்து தேய்ப்பேன். சொரசொரப்பெல்லாம் போய் வழவழவென்று ஆன தாளிலும், கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். லேபிலேயே என் துண்டுகள்தான் அதிகமாக மின்னும் என்று எனக்கு உள்ளூரக் கர்வம் வேறு.

சில வருடங்களுக்கு முன் ராயபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் லேபுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது அவர் தொழில். கோணிச்சாக்கில் சுற்றிய ஒரு இரும்புத் துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொன்னபிறகும் நின்றுகொண்டே பேசினார்.

அவருடைய தம்பிக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. அதற்கு முந்தின வருடம் நடுக்கடலில் எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. வலை, மீன், ஆள் எல்லாவற்றோடும் படகு இரண்டு நாள் அலையில் மிதந்திருக்கிறது. பிறகு வேறொரு படகு பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது.

"அவன் சம்சாரம் எர்ணாவூர் வூட்ல ரெண்டு நாளும் பச்சத்தண்ணி தொடல யக்கா. ஷாஃப்ட்டு நான் கடைஞ்சி குடுத்தது. அந்தப் பொண்ணு என்னை ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா தேவல."

முறிந்த இடம், எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங் உட்காருவதற்காக ஷாஃப்டின் தடிமனைக் குறைத்துக் கடைந்திருக்கும் படி. பெரும்பாலும் அங்கேதான் முறியும். அதனால் அந்த வருடம் புதிய ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்து, அதன் மேற்பரப்பை உருட்டிவிட்டிருந்தார். லேத்தில் ஷாஃப்ட் சுழலும்போது, அதைவிடக் கடினமான ஒரு எஃகுக் குண்டை அதன்மேல் வைத்து அழுத்தியபடி மெல்ல நகர்த்திக்கொண்டே போவது. சீவுவது கிடையாது, அமுக்குவது மட்டும்தான்.

"வெளிய பளபளன்னுதான் கீது. உள்ள இன்னா ஆச்சின்னு என் கண்ணுக்குத் தெரியலியே. என் தம்பி அதை நம்பி ஏறிப் போறான். பாத்து சொல்லு யக்கா."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஷாஃப்ட் ஒரே நாளில் முறிவதில்லை. சுற்றிச் சுற்றி, மேற்பரப்பில் எங்கோ முடியளவு விரிசல் விழும். அது மணி மணியாகக் கடந்து உள்ளே போகும். ஒவ்வொரு மணியின் எல்லையிலும் அது கொஞ்சம் திணறும். மணிகள் பெரிதாக இருந்தால் எல்லைகள் குறைவு, திணறலும் குறைவு. காலி மைதானத்தில் ஓடுகிற பிக்பாக்கெட்டும், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் ஓடுகிற பிக்பாக்கெட்டும் ஒன்றா? குண்டை வைத்து உருட்டும்போது மேற்பரப்பில் இருக்கிற மணிகள் நசுங்கி, நீண்டு, உடைந்து, அரிசி நொய்யான மாதிரி பொடிப்பொடியாகிவிடும். உள்ளே பழைய பெரிய மணிகள் அப்படியே இருக்க, வெளியே பொடி மணிகளால் ஆன ஒரு தோல் உண்டாகும். அமுக்கிய அமுக்கமும் அந்தத் தோலுக்குள்ளேயே தங்கி, வாய் திறக்கப் பார்க்கும் விரிசலை மூடி வைக்கும். வெளியிலிருந்து ஒரு குந்துமணி அளவுகூட எதுவும் சேர்க்காமல், இருக்கிற இரும்பையே பலமாக்குகிற வேலை இது. எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

ஷாஃப்டையே வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் அதே கம்பியில், அதே மாதிரி படி வைத்துக் கடைந்து, அதே மாதிரி உருட்டிய ஒரு மாதிரித் துண்டைக் கொண்டு வந்திருந்தார். அதை நீளவாக்கில் பிளந்து, எங்கள் லேப் வழக்கப்படி ஒரு பாதியை உறையில் போட்டு வைத்துவிட்டு, மறு பாதியை வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். வருடத்துக்கு இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பெயிண்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது, ஷாஃப்ட் மாற்றுவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். தடை முடிந்ததும் காசிமேட்டுப் படகுகள் மாலையும் சந்தனமுமாக ஒன்றாகக் கிளம்பும். இரண்டு மாதம் வலை படாத கடல் என்பதால் முதல் வலைக்குத்தான் நல்ல மீன். அன்றைக்குக் கரையில் நிற்க எந்தப் படகுக்காரருக்கும் மனம் வராது. தடை முடியும் நாளைக் கணக்குப் பண்ணித்தான் எல்லோரும் எல்லோரையும் அவசரப்படுத்துவார்கள். நானும் அவசரப்பட்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பதைப் பாத்திரக்கடையில் வளர்ந்த நானே மறந்தேன்.

இருந்த தாளில் அழுத்தித் தேய்த்தேன். துண்டு கண்ணாடியாக மின்னியது. அமிலத்தில் முக்கிப் பார்த்தால், ஓரம் முழுக்க மணிகளைப் பிரித்தறிய முடியாத அளவுக்குப் பொடியான, மங்கலான ஒரு பட்டை. துண்டின் உடலிலும் இருந்தது, படியின் மூலையிலும் இருந்தது. இம்மாதிரிப் பட்டையை, நுண்ணிய வைர முனையால் குத்திக் கடினம் அளந்து உறுதி செய்வது வழக்கம். அந்தக் கருவி அளவு சரிபார்க்கப் போயிருந்தது. கண்ணால் பார்த்ததே போதும் என்று நினைத்து, உடலிலும் மூலையிலும் பட்டை இருப்பதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்துவிட்டேன். அவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, ஏதோ கேட்க வருகிற மாதிரி வாயைத் திறந்தார். பிறகு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

தடை முடிகிற நாளன்று காலையில், வேறொரு பட்டறையிலிருந்து சாதாரணக் கம்பித் துண்டு ஒன்று வந்தது. உருட்டாத, அமுக்காத, கிடங்கிலிருந்து நேராக வெட்டியெடுத்த கம்பி. அதே தாள், அதே கை. தேய்த்து முக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓரத்தில் அதே மங்கலான பட்டை.

முதலில் கம்பி கொண்டு வந்தவர்மேல் கோபம் வந்தது, எதையோ செய்துவிட்டு மறைக்கிறார் என்று. பிறகு எமரித்தாள்மேல் வந்தது. அதற்கப்புறம் வேறு யாரும் மிச்சமில்லை. தேய்ந்துபோன தாள் இரும்பைச் சீவாது, அமுக்கி இழுக்கும். வில்லையில் பதித்த துண்டின் ஓரத்தில்தான் அந்த அமுக்கம் அதிகமாக விழும். ஓரம் உருண்டு, மணிகள் நசுங்கி, ஒரு பொய்த் தோல் உண்டாகிவிடும். லேத்தில் அந்த மனிதர் குண்டால் செய்த வேலையை, மேஜையில் உட்கார்ந்து நான் கையால் செய்திருக்கிறேன். எங்கள் முதலாளி அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தால் கூசாமல் அவர் தலையில் கட்டியிருப்பேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் போனேன். வழியெல்லாம் பிளக்ஸ் பேனர், பூக்கடைக் கூட்டம். யாரோ ஒருவர் படகுக்குக் கட்ட வாழைக்கன்றைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையால் என் முகத்தில் தடவிக்கொண்டே வந்தார். வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன்.

பட்டறையில் அவர் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்னா யக்கா, நீயே வந்துகினு கீற? சொல்லி வுட்டா நான் வந்திருப்பேனே."

"ஷாஃப்ட் எங்கே?"

"போட்டுல மாட்டியாச்சி. ஓட்டியும் பாத்தாச்சி. பட்டு மாதிரி ஓடுது."

சொன்னேன். ஒளிக்காமல், தேய்ந்த தாள் வரைக்கும் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கந்தலை மடித்து ஓரமாக வைத்தார்.

"அப்ப அதுல தோலு கீதா, இல்லியா?"

"தெரியல. நான் பாத்ததுல உங்க வேலை எது, என் வேலை எதுன்னு எனக்கே தெரியல. ரெண்டு நாள் குடுங்க. உறையில இருக்கிற பாதியைத் திரும்பப் பண்ணிப் பாக்கிறேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பேன். அவர் தம்பிக்கு போன் போட்டார். பக்கத்தில் இருந்த எனக்கு இரண்டு பேர் பேசுவதும் கேட்டது.

"டேய், நீ போவாத."

"இன்னாண்ணா வெளாடுறியா? ஐஸு ஏத்திட்டேன். டீசல் ரொப்பிட்டேன். ஆளுங்க எல்லாம் ரெடியா கீறாங்க. எல்லா போட்டும் போவ சொல்லோ நான் மட்டும் கரைல நின்னு டாட்டா காட்டவா?"

"போன தபா நடுக்கடல்ல நின்ன. இப்ப கரைலதான நிக்கப் போற. நில்லு."

தம்பி போனை வைத்துவிட்டார். ஒரு ஆள் கோபத்தில் போனை வைப்பதும், பயத்தில் வைப்பதும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

மறுநாள் லேபில் நான்கு தரத்திலும் புதிய எமரித்தாளைப் பிரித்தேன். பிரிக்கும்போது கை கூசியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துண்டின் ஓரம் உருளாமல் இருக்க, அதை ஒட்டி ஒரு செம்புத் தகடு வைத்து இரண்டையும் சேர்த்துப் பதித்தேன். துண்டின் எடையைத் தவிர வேறு எடை தாளில் விழாத மாதிரி தேய்த்தேன். ஒரு தாளின் கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாள். மெருகேற்றி, அமிலத்தில் முக்கி, அதை அப்படியே மெருகில் அழித்து, மறுபடி முக்கி, மறுபடி அழித்தேன். என் கை எதையாவது நசுக்கியிருந்தால் அதெல்லாம் கரைந்து போகட்டும் என்று மூன்று தடவை. அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு அன்று மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டியது.

அதற்குள் அவர் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். காசிமேட்டில் படகுகள் கிளம்பிப் போய்விட்டன என்றார். தம்பியுடையது மட்டும் நிற்கிறதாம். ஐஸை வேறொரு படகுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உடல் பகுதியில் பட்டை இருந்தது. நான் எழுதியதைவிட மெல்லியது, ஆனால் நிஜமான பட்டை. உள்ளே பெரிய மணிகள், மேலே வர வரச் சப்பையாகி, ஒரே பக்கம் சாய்ந்து நீண்டு, ஓரத்தில் பொடியாகிக் கிடந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மைக்ராஸ்கோப் மேடையை மெதுவாகப் படியின் மூலைக்கு நகர்த்தினேன். பட்டை மெலிந்துகொண்டே வந்து, மூலைக்குக் கொஞ்சம் முன்பாக நின்றுவிட்டது. மூலையில் பெரிய பெரிய மணிகள், ஓரம் வரைக்கும் முழுசாக, யாரும் தொடாத மாதிரி. முந்தின வருடம் ஷாஃப்ட் முறிந்தது அதே இடத்தில்தான்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அது அப்டித்தான் இருக்கும்" என்றார். "அங்க நான் உருட்டவே இல்லியே."

எனக்குப் புரியவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"குண்டு மூலைக்குள்ள பூர மாட்டன்னுது யக்கா. அங்க வந்தா இடிக்கிது. வெரக்கடை தூரம் வுட்டுட்டேன்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" கத்திவிட்டேன். பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மூலையிலும் பட்டை இருக்குன்னு நான் எழுதிக் குடுத்தப்போ படிச்சீங்கல்ல? ரெண்டு தடவை படிச்சீங்கல்ல?"

"படிச்சேன். கேக்கலாம்னுதான் வாயைத் தொறந்தேன். அப்பால, பக்கத்துல அமுக்குன அமுக்கு அங்கியும் போய் சேந்துருக்கும் போலன்னு நெனச்சிக்கினேன். படிச்சவங்க மிஷின் வச்சி பாத்து, சீல் குத்திக் குடுக்குறாங்க. நம்ம கை இன்னாத்த கண்டுச்சின்னு வுட்டுட்டேன்."

உருட்டியது அவர் கை. உருட்டாமல் விட்ட இடம் எது என்று உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தக் கை சொன்னதைத் தள்ளிவிட்டு, என் தாளை நம்பியிருக்கிறார். தம்பியை ஏற்றி அனுப்புகிற அளவுக்கு நம்பியிருக்கிறார். என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தேன். அவருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த இரண்டு நாள் பட்டறையில் வேலை. சின்னக் குண்டாக ஒன்று தேடிப்பிடித்து, அது மூலைக்குள் சாய்ந்து இறங்குகிற மாதிரி ஒரு பிடியை அவரே கடைந்தார். படகிலிருந்து ஷாஃப்டைக் கழற்றிக் கொண்டு வந்தார்கள். முதலில் புதிய மாதிரித் துண்டு ஒன்றைக் கடைந்து, மூலை வரைக்கும் உருட்டி, எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தார், எங்கே குண்டு ஒரு தடவை துள்ளியது என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதே கையோடு ஷாஃப்டையும் உருட்டி மாட்டிவிட்டார். அதற்குள் அளவு சரிபார்க்கப் போன கருவியும் லேபுக்குத் திரும்பியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் துண்டு தயார். மூலையில் பொடி மணிகள் வளைவை ஒட்டி ஒழுங்காகத் திரும்பிப் போயிருந்தன. வைர முனையால் குத்தி அளந்தேன், ஓரத்தில் கடினம், உள்ளே போகப் போகத் தணிவு. அவர் சொன்ன இடத்தில், குண்டு துள்ளிய அடையாளம்கூடச் சின்னதாகத் தெரிந்தது, ஆனால் தோல் அறுபடவில்லை. சான்றை எழுத உட்கார்ந்தேன். அவர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி. தாளு வாணான்றான். நீ வாயால சொல்லணுமாம்."

போனில் காற்றுச் சத்தம், காக்கைச் சத்தம், யாரோ கயிறு இழுக்கச் சொல்லும் குரல். நான் அதுவரை பார்த்தேயிராத ஒரு ஆள், மரியாதையாகக் கேட்டார்.

"யக்கா, போலாமா?"

இருபது வருடத்தில் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருத்தர்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் இருங்க தம்பி என்று சொல்லி, போனை மேஜையில் வைத்துவிட்டு, துண்டைத் திரும்ப மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓரம் முழுக்க ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, விடாமல் நகர்த்திப் பார்த்தேன். மூலையை இரண்டு தடவை பார்த்தேன். போனை எடுத்தபோது அவர் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"போங்க தம்பி" என்றேன்.

"சரிக்கா" என்றார். எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். படகு துறைமுகத்தைத் தாண்டி, சிக்னல் போய்த் தானாக அறுந்துபோகும் வரைக்கும், அண்ணன் எதிரே நிற்க, நான் அதைக் காதிலேயே வைத்திருந்தேன்.